ஒரே வாங்கில் இருவர்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)

நான் எழுத்தாளன் அல்லன். உளவளத்துணைப் பணியில் இருப்பவன். தென்பகுதி வைத்தியசாலை ஒன்றில் பல ஆண்டுகள் கடமையாற்றிய தமிழன். இலக்கிய நிகழ்ச்சியில் இவருக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். என் தொழிலில் எனக்குத் துணைநின்ற ஒரு நூலாசிரியரைப் பற்றிச் சொல்லவே வந்திருக்கிறேன். அவரும் உளநல வைத்தியர்தான். பெயர் ஃபிரான்ட்ஸ் ஃபனன்.

1925இல் மார்ட்டினிக் தீவிலே பிறந்த கறுப்பினத்தவர் ஃபனன். பிரான்சில் மருத்துவம் படித்தார். 1952இல் வெளிவந்த 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற நூலைப் பட்டத்துக்கான ஆய்வேடாக்க எண்ணியிருந்தார், அது ஏற்கப்படவில்லை. பிறகு நரம்பு நோயொன்றைப் பற்றி எழுதிக் கொடுத்தே பட்டம் பெற்றார். நம்மவர்கள் அவரை அரசியல் சிந்தனையாளராகவே வாசிக்கிறார்கள். அதிலே தவறில்லை. ஆனால் என்னைக் கவர்ந்தது அவருடைய நோயாளர் விடுதிகள்.

1953இல், அப்போது பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில், பிளிடா என்ற ஊரின் மனநல வைத்தியசாலைக்கு அவர் பொறுப்பேற்றுச் சென்றார். ஐரோப்பியப் பெண்களுக்கு ஒரு விடுதி, முஸ்லிம் ஆண்களுக்கு வேறு விடுதி. பெண்கள் விடுதியிலே பண்டிகை, திரைப்படம், கைவேலை, நோயாளரே எழுதும் பத்திரிகை என்று தொடங்கினார்; பலன் கிடைத்தது. அதையே ஆண்கள் விடுதியிலும் செய்தார். படுதோல்வி. அவர்களுள் பெரும்பாலானோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, பத்திரிகை எதற்கு? அவர்களது மொழி ஃபனனுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் மூலமே பேச வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து அல்ஜீரியக் குடியேற்ற மருத்துவர்கள், 'இந்த மக்களின் மூளையே அப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அப்படி எழுதியும் இருக்கிறார்கள். ஃபனனோ, தவறு தம்முடையது என்றார். ஜாக் அசூலே என்ற இளம் வைத்தியருடன் சேர்ந்து 1954இல் அதைக் கட்டுரையாகவே எழுதினார். பிறகு அந்த ஆண்களுக்கென உள்ளூர் முறையில் ஒரு கோப்பிக் கடை அமைத்தார். இஸ்லாமியப் பெருநாள்கள் கொண்டாடப்பட்டன. ஊர்க் கதைசொல்லி ஒருவர் அழைத்து வரப்பட்டார். ஒரு வைத்தியர் தம் தோல்வியை இப்படி அச்சிலே ஒப்புக்கொள்வதை நான் அதிகம் கண்டதில்லை.

மொழிபெயர்ப்பு என்றதும் எனக்கு ஒரு மலையகத் தாயின் ஞாபகம் வருகிறது. "ஈரக்குலை பதறுது, நெஞ்சு அடைக்குது" என்றார் அவர். அரைகுறைத் தமிழ் தெரிந்த சிற்றூழியர் அதைச் சிங்களத்தில் 'ஈரலிலும் இருதயத்திலும் நோய்' என்று வைத்தியரிடம் சொல்லிவிட்டார். இரத்தம் சோதித்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. மூன்றாம் நாள்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து மூன்று மாதமாகச் சேதி இல்லை. அவ்வளவுதான்.

ஃபனனின் கடைசி நூல் 1961இல் வந்தது. 'மண்ணின் சபிக்கப்பட்டோர்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். அதிலே, போரினால் மனம் சிதைந்தோர் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. கைதிகளைச் சித்திரவதை செய்து தூக்கமிழந்த ஐரோப்பியப் பொலிஸ்காரர் ஒருவர் ஃபனனின் வீட்டுக்கு வந்து சிகிச்சை பெறுகிறார். ஒருநாள் ஃபனன் அவசரமாக வெளியே போக நேர்ந்தபோது, அவர் வைத்தியசாலை வளவிலே உலாவப் போகிறார். அங்கே, அவர் கையால் வதைபட்ட அல்ஜீரியர் ஒருவர் நோயாளியாக இருக்கிறார். இருவரும் எதிர்ப்படுகிறார்கள். பொலிஸ்காரர் வியர்த்து நடுங்கி மரமொன்றில் சாய்ந்து நிற்கிறார். மற்றவரோ, தம்மைத் திரும்பப் பிடித்துப்போகவே வந்திருக்கிறார் என்று நம்பிக் கழிவறையிலே ஒளிந்து உயிரை மாய்க்க முயல்கிறார். இருவரையும் கவனித்தவர் ஒரே வைத்தியர். 1956இல் அவர் பதவி விலகினார், நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். துனிசியாவிலும் வைத்தியத்தை விடவில்லை. 1961 டிசம்பரில், 36 வயதிலே இரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

நான் பதவி விலகவில்லை. போர் முடிந்து ஓராண்டு கழிந்து, 2010இல், என் அறைக்கு வெளியே கிடந்த ஒரே வாங்கிலே இருவர் வந்து காத்திருப்பார்கள். ஒருவர், காணாமற்போன மகனைத் தேடும் வன்னித் தாய். கொழும்பில் மகளுடன் தங்கியிருந்தார். மற்றவர், நித்திரையில் அலறி எழும் சிங்களச் சிப்பாய், இருபத்துமூன்று வயது. அவர் கதையைக் கேட்ட இரவுகளில் எனக்கும் நித்திரை இல்லை. ஒரு தமிழன் இதைக் கேட்டு என்ன செய்வது? கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது, இரண்டையும் சொல்ல எனக்கு ஆளில்லை. வைத்தியம் செய்பவனுக்கும் ஒரு காது வேண்டும் என்பது எங்கள் பயிற்சியில் ஒரு பந்தியாக மட்டும் இருந்தது.

ஃபனனின் அந்தப் பக்கங்களை மறுபடி வாசித்தேன். பயம் பிடித்துக்கொண்டது. மறுவாரமே நாள்களை மாற்றினேன்: சிப்பாய்க்குச் செவ்வாய், அம்மாவுக்கு வெள்ளி. அம்மாவைப் பாதுகாத்துவிட்டதாக ஒரு திருப்தி.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, அவர் கதவடியில் நின்று கேட்டார்: "அந்த ஆமிப் பொடியன் இப்ப வாறேல்லையோ ஐயா? அவனுக்குச் சுகமே?"

செவ்வாயில் வருகிறார் என்று நான் சொல்லவில்லை. மற்றவர் விடயம் பேசக்கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா வெறும் வாங்கை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.