தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடாதீர்கள்

உப்பளத்திலும் வ.உ.சி. துறைமுகத்திலும் சரக்கேற்றிப் புறப்படும் லாரிகளைத் தூத்துக்குடியில் தினமும் பார்க்கிறோம். லாரியோ காரோ, இஞ்சின் சூடேறினால் சிலர் சொல்லும் வைத்தியம் இது: "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு? கழட்டிப் போட்டுருங்க." தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சிறு சிமிழில் மெழுகு இருக்கிறது. வண்டியைப் பொறுத்து 80, 90 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். பிறகுதான் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். கழற்றிவிட்டால் இஞ்சின் உரிய சூட்டை எட்டாது. எரிபொருள் வீணாகும், தேய்மானம் கூடும். வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டாலோ இஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட்டே போய்விடலாம்.

சோதிப்பது எளிது. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் வால்வு திறக்க வேண்டும். ஆறியதும் மூட வேண்டும். இல்லையென்றால், அதே டிகிரி எண் பொறித்த புதியதைக் கேஸ்கெட்டோடு மாற்றி, காற்று தங்காமல் கூலன்ட் நிரப்புங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று. கிணற்று உவர்நீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. உப்பு உள்ளே படிந்து அரித்து, புதுத் தெர்மோஸ்டாட்டையும் சிக்கவைத்துவிடும். கூலன்ட்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள்.