விளக்கு எரிந்தால் போதுமா?

கீபோர்டைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. மெதுவாக வாசிக்கும் வரை ஒலியும் வருகிறது. வால்யூமைக் கூட்டி, இடது கையால் நாலு கட்டையைச் சேர்த்து அழுத்தியதும் கரகரத்து அணைந்துபோகிறது. சுருதிப் பெட்டியோ பத்து நிமிடம் ஒழுங்காகப் பாடிவிட்டுத் திணற ஆரம்பிக்கிறது. வீட்டில் உடனே ஒரு தீர்ப்பு வரும்: "கரண்ட் வருதே, லைட் எரியுதே, அப்ப உள்ளே போர்டுதான் போச்சு." இது அவசரத் தீர்ப்பு என்பதே என் வாதம். அந்தச் சின்ன விளக்கு எரியச் சில மில்லி ஆம்பியர் போதும். ஸ்பீக்கர் முழங்கும்போது அதே கருவி சில நூறு மில்லி ஆம்பியர் கேட்கும். விளக்கு எரிவது கருவிக்குள் மின்சாரம் நுழைய ஒரு வழி இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்த வழி பாரம் தாங்குமா என்பதை அது சொல்லாது. எடுத்துச் செல்லும் இசைக் கருவிகளில் மின்சாரத்தைச் சோதிப்பதென்றால், கருவி முழு மூச்சில் வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும்.

பேட்டரியை எடுத்துக்கொள்வோம். ஆறு பென்சில் செல் போடும் கீபோர்டுக்குக் கணக்கு 9 வோல்ட். பழைய செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 1.4 வோல்ட் காட்டும். நல்ல செல் என்று திரும்பவும் உள்ளே போய்விடும். ஆனால் செல் தீரத் தீர அதன் உள்தடை ஏறுகிறது. படுக்கையில் இருக்கும் நோயாளி தெம்பாகத்தான் பேசுவார், மாடிப்படி ஏறச் சொன்னால்தான் உண்மை தெரியும், செல்லும் அப்படித்தான். கருவியை உரக்க ஒலிக்கவிட்டு, செல்கள் இருக்கும் இடத்திலேயே அளந்தால் 9 வோல்ட் 6 ஆகச் சரிவதைக் காணலாம். சார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட்தானே, ஆறும் சேர்ந்தால் 7.2தானே, அது எப்படிப் போதும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, 9 வோல்ட்டைக் கறாராகக் கேட்கும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் ஆல்கலைன் செல்லும் பாரம் ஏறியதும் 1.5 வோல்ட்டில் நிற்பதில்லை. தன் ஆயுளின் பெரும்பகுதியை 1.2ஐச் சுற்றியேதான் கழிக்கிறது. சார்ஜ் செய்யும் நிக்கல் செல்லின் உள்தடை குறைவு, ஆகவே பாரத்தில் அது அவ்வளவாகச் சரியாது. அட்டையில் அச்சிட்ட எண் ஓய்வு நேரத்து எண், அவ்வளவுதான். செல் புதிதாக இருந்தும் கருவி தடுமாறினால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஒரு ஓம் தடைக்குச் சமமான துரு படிந்திருந்தாலே, அரை ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் அங்கேயே தொலைகிறது. ஆல்கலைன் செல் கசிந்த வெள்ளைப் பொருக்கு காரத்தன்மை கொண்டது; எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஸ்பிரிட் தொட்டு நன்றாகக் காயவிட வேண்டும். ஐந்து புது செல்லோடு ஒரு பழைய செல்லைச் சேர்ப்பது சிக்கனமாகத் தெரியும். முதலில் தீர்ந்து கசிவதும் அந்தப் பழைய செல்தான்.

அடாப்டர் விஷயம் இன்னும் வம்பானது. பின் நுழைந்துவிட்டால் அடாப்டர் பொருந்திவிட்டது என்று நம்பிவிடுகிறோம். யமஹா கீபோர்டுகள் பலவற்றின் அடாப்டர் 12 வோல்ட், பின்னின் நடுவே பாசிட்டிவ். பழைய காசியோ கீபோர்டுகள் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுவே நெகட்டிவ். கிதார்க்காரர்கள் காலடியில் வைக்கும் பாஸ் (Boss) பெடல்களுக்கும் 9 வோல்ட், நடுவே நெகட்டிவ்தான். பின்னின் பருமனோ ஏறக்குறைய ஒன்றே. கருவியின் முதுகில் வட்டமும் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் இருக்கும்; அதைப் பார்க்காமல் எதையும் செருகக் கூடாது. 3 முதல் 12 வோல்ட் வரை திருப்பிக்கொள்ளும் கடைத்தெரு அடாப்டர் எல்லாவற்றுக்கும் ஆகுமே என்றால், அதில் பாசிட்டிவ் நெகட்டிவையும் மாற்றலாம் என்பதே அதன் ஆபத்து. கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்களில் 9 வோல்ட் என்று எழுதியிருக்கும், சும்மா அளந்தால் 12, 13 கூடக் காட்டும். அது பழுதல்ல, பாரம் ஏறினால் 9க்கு இறங்கும் வகை அது. சில மிக்சர்களும் எஃபெக்ட் பெட்டிகளும் ஏ.சி. மின்சாரத்தையே கேட்கின்றன, அவற்றின் அடாப்டரை டி.சி.யில் வைத்து அளந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும், நல்ல அடாப்டர் குப்பைக்குப் போகும். அதிக ஆம்பியர் அடாப்டர் கருவியை எரித்துவிடும் என்ற பயம் மட்டும் வேண்டாம். வோல்ட்டும் துருவமும் சரியாக இருந்தால், கருவி தனக்கு வேண்டியதைத்தான் இழுத்துக்கொள்ளும்.

அடாப்டரில் ஓடுகிறது, பேட்டரியில் ஓடவில்லை என்றால் எல்லோரும் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். ஆனால் பல கருவிகளில் அடாப்டர் ஜாக்கே ஒரு சுவிட்சாகவும் வேலை செய்கிறது. பின் நுழையும்போது ஒரு தகடு விலகிப் பேட்டரியின் வழியைத் துண்டிக்கும். பின்னை உருவினால் அது திரும்பி வந்து தொட வேண்டும். தகடு தளர்ந்தோ அழுக்கேறியோ இருந்தால் எத்தனை புது செல் போட்டும் பயனில்லை. பேட்டரியில் ஓடி அடாப்டரில் ஓடாத கருவியிலோ, பின்னை அசைக்கும்போது உயிர் வந்து வந்து போனால், ஜாக்கின் அடியில் சால்டரிங் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரிக்கு இன்னொரு பயனும் உண்டு. அடாப்டரில் 'உம்' என்ற முனகல் வந்து, பேட்டரிக்கு மாற்றியதும் அடங்கினால், குற்றவாளி வெளியே இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டயோடுகள் அதைத் திருத்தும்போது அலை 100 ஹெர்ட்ஸாகிறது. அதைச் சமன்செய்யும் கெப்பாசிட்டர் வற்றிப்போனால் அந்த 100 காதில் விழும். ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில் ஒரு ஸ்வரம்! சுருதி சேர்க்க வைத்த பெட்டியே அபஸ்வரம் போடுவது கொடுமைதான்.

யூ.எஸ்.பி. வந்ததும் இந்தத் தொல்லைகள் தீரும் என்று எதிர்பார்த்தோம். துருவக் குழப்பம் தீர்ந்தது உண்மை. வேகச் சார்ஜர் கருவியைக் கருக்கிவிடும் என்ற அச்சத்துக்கும் பெரிதாக இடமில்லை. ஒழுங்காகச் செய்த சார்ஜர், எதிரே இருப்பது கேட்காதவரை 5 வோல்ட்டுக்கு மேல் தராது. ஆனால் புதிய புதிர்கள் முளைத்தன. பவர் பேங்கில் போட்ட சிறிய சுருதிப் பெட்டி கொஞ்ச நேரத்தில் நின்றுபோகும். அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, போன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று பவர் பேங்க் கடையைக் கட்டிவிடுகிறது. இங்கே பாரம் குறைந்ததுதான் பழுது! மலிவான சில கருவிகளில் டைப்-சி வாய் இருக்கும், சார்ஜருக்கு அடையாளம் சொல்ல வேண்டிய இரண்டு ரெசிஸ்டர்கள் இருக்காது. இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் அவை உயிர்பெறாது. பழைய செவ்வக வாய்ச் சார்ஜரில் போட்டால் உடனே ஓடும்.

இத்தனை பாடு எதற்கு, புது அடாப்டர் வாங்கினால் போயிற்று, இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுத்தால் போயிற்று என்று கேட்கலாம். பழுது ஜாக்கில் இருந்தால் புது அடாப்டரும் அதே மாதிரிதான் நடந்துகொள்ளும். மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம் நிச்சயம் உண்டு: அடாப்டரின் மூடியை வீட்டில் திறக்கவே கூடாது, 230 வோல்ட் லைனில் ஓடும் அந்தச் சின்ன டப்பாவின் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். ஆனால் "ஓடலை" என்று ஒற்றைச் சொல்லோடு கொடுப்பதும், "பேட்டரியில் ஓடுகிறது, அடாப்டரில் வால்யூம் கூட்டினால் 9 வோல்ட் 5க்கு இறங்குகிறது" என்று சொல்லிக் கொடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் கேட்டவர் போர்டைத் தொடுவதற்கு முன் அடாப்டரைத்தான் கையில் எடுப்பார். துருவம் மாறிய அடாப்டரைச் செருகியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பல கருவிகளில் வாசலிலேயே ஒரு காப்பு டயோடு இருக்கும்; அது மட்டும் போயிருந்தால், சில ரூபாய்ச் சாமானோடு வேலை முடிந்துவிடும்.