சமாதியா? கோயிலா?

(திண்டிவனம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



தேசத் தலைவர்களுக்குக் கட்டப்படும் சமாதிகளையும் மண்டபங்களையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். நான் சொல்லுவது உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கல் வேலை இந்தப் பக்கத்தாருக்குப் புதிதல்ல. விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையில் மண்டகப்பட்டு இருக்கிறது. அங்கே ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கோயில் செய்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் செய்வித்தேன் என்று கல்லிலே வெட்டியும் வைத்தான். உளி பிடித்தவன் பெயர் அந்தக் கல்வெட்டில் உண்டா? இல்லை! செய்தவன் மறைந்தான்; செய்வித்தவன் நின்றான். கட்டடத்தை வேலையாகப் பார்க்காமல் மகிமையாகப் பார்க்கும் புத்தி அன்றே இருந்திருக்கிறது. இன்றைக்கும் அது போகவில்லை என்பதற்குக் கன்னியாகுமரி காந்தி மண்டபமே சாட்சி.

1948இல் காந்தியாரின் அஸ்தியைக் கடலில் கரைக்குமுன் வைத்திருந்த இடத்தில், 1956இல் அந்த மண்டபம் கட்டி முடிக்கப்பட்டது. ஒரிஸா கோயில் மாதிரி. உயரம் 79 அடி. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2ஆம் தேதி நடுப்பகலில் சூரியக் கதிர் மேலேயுள்ள துவாரத்தின் வழியாக அஸ்தி வைத்திருந்த பீடத்தின்மேல் விழுகிறது. உடனே, "பார்த்தாயா, சூரியனே வந்து வணங்குகிறான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்கள் உண்டு.

தோழர்களே! இதில் தெய்வீகம் எங்கே இருக்கிறது? கன்னியாகுமரி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 8 பாகையில் இருக்கிறது. அக்டோபர் 2இல் சூரியன் அந்த ரேகைக்குத் தெற்கே சுமார் மூன்றரைப் பாகையில் நிற்கிறது. கூட்டினால் பதினொன்றரை. நடுப்பகலில் சூரியன் உச்சியிலிருந்து அவ்வளவுதான் தெற்கே சாய்ந்திருக்கும். துவாரம் பீடத்திற்கு 50 அடி மேலே இருப்பதாக வைத்துக்கொண்டால், அதைப் பத்தடி தெற்கே தள்ளி வைத்தால் தீர்ந்தது! சூரியன் வடக்கே திரும்பிவரும்போது, மார்ச் 11ஆம் தேதியை ஒட்டி அதே சாய்வில்தான் நிற்கும். அன்று காந்தியார் பிறந்தாரா? அக்டோபர் 2இல் மேகம் மூடிக்கொண்டால் சூரியனுக்குப் பக்தி குறைந்துபோயிற்றென்று சொல்லுவதா?

பாராட்ட வேண்டியது அந்தக் கணக்கைப் போட்ட மனிதனின் மூளையை. அதை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் கும்பிடுவது அவனுக்குச் செய்யும் அவமரியாதையாகும்.

டில்லி ராஜ்காட்டைப் பாருங்கள். காந்தியாரை எரித்த இடத்தில் ஒரு கறுப்புச் சலவைக்கல் மேடை, மேலே திறந்த வானம், கோபுரமில்லை. கட்டடக்கலை அங்கே அடக்கமாக நிற்கிறது. ஆனால் நம்மவர்கள் அங்கும் செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது!

நம் நாடு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். லெனின் இறந்த 1924ஆம் ஆண்டிலேயே அவரது மனைவி குரூப்ஸ்காயா, நினைவுச் சின்னம் வேண்டாம், குழந்தைகள் காப்பகமும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 1930இல் கிரானைட் சமாதி எழும்பியது. ஹோ சி மின் தம்மை எரித்துவிடும்படி எழுதிவைத்து 1969இல் இறந்தார். 1975இல் அவர் உடலைக் கல் மாளிகைக்குள் வைத்துத் திறப்புவிழா நடத்தினார்கள். கடவுளை மறுத்தவர்களுக்கே கர்ப்பக்கிரகம்! தலைவன் சொன்னதைக் கேட்பது கஷ்டம். தலைவனைக் கும்பிடுவது சுலபம். அதுதான் சங்கதி.

சமாதியே கூடாதென்று நான் சொல்லவில்லை. கட்டுங்கள், கணக்கு இன்னதென்று பலகை எழுதி வையுங்கள். வரைந்த பொறியாளர் பெயரோடு கல் செதுக்கியவர் பெயரையும் பொறியுங்கள். கல்தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வருகிறது. வந்தபின் அதைத் தீர்க்க மருந்தில்லை. நீர் தெளித்துத் தூசியை அடக்கி, முகமூடி கொடுத்து, கூலியைச் சரியாகக் கொடுத்து எழுப்பிய மண்டபம்தான் தலைவனுக்கு மரியாதை. கல்லுடைப்பவன் இருமிக்கொண்டே சாக, அவன் உடைத்த கல்லுக்குக் கற்பூரம் காட்டுவது எந்த ஊர் நியாயம்? யோசித்துப் பாருங்கள்.