“பல்லு மிஸ்” என்ன படித்தார், என்ன செய்வார்?

(பலாபத்வலப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

பால்வெட்டு முடித்து, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது பல்லைப் பற்றி. பல்லு வலிக்கு யாராவது கூட்டம் வைப்பார்களா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் ராத்திரி பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும்போது லயத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வராது. அடுத்த நாள் தாய்க்கு ஒரு பேர் போகும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும். ஆகவே இது வீட்டு வரும்படி சம்பந்தப்பட்ட விஷயமுந்தான்.

இரண்டு காரியங்களைச் சொல்லப் போகிறேன். ஒன்று, அரசாங்கச் சுகாதார சேவையில் நம் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்க இருப்பவர் யார், அவருடைய வேலை என்ன என்பது. மற்றது, அந்த வேலைக்கு நம் பிள்ளைகளே போவதற்கு என்ன தகுதி வேண்டும் என்பது.

யார் இந்தப் பல்லு மிஸ்?

நாம் “பல்லு மிஸ்”, “பல்லு நேர்ஸ்” என்று கூப்பிடுகிறோமே, அவருடைய உத்தியோகப் பெயர் பாடசாலைப் பற்சிகிச்சையாளர். அவர் பல் டொக்டர் அல்ல. பல் டொக்டர் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் எடுத்தவர். பெரியவர்களின் பல், வேர் சிகிச்சை, சத்திர சிகிச்சை எல்லாம் அவருடைய பொறுப்பு. பல்லு மிஸ் பார்ப்பது சின்னப் பிள்ளைகளை. ஏறக்குறைய 3 வயது முதல் 13 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் அவருடைய கணக்கில் வருவார்கள்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது தெரியுமா? முதலாம் உலக யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது நியூசிலாந்து நாட்டில் வாலிபர்களின் பல்லெல்லாம் கெட்டுப்போய் இருந்ததைக் கண்டார்கள். அந்த நாட்டின் சேனைப் பல் வைத்தியப் பிரிவில் இருந்த தோமஸ் ஹன்ரர் என்பவர், நோயைச் சிறு வயதிலேயே பிடிக்க வேண்டும் என்றார். 1921 இல் இளம் பெண்களைத் தெரிந்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பள்ளிக்கூடங்களுக்கே அனுப்பத் தொடங்கினார்கள். “பெண்பிள்ளைகளுக்குப் பல் அடைக்கத் தெரியுமா?” என்று அங்கேயும் கேட்டவர்கள் இருந்தார்கள். வேலை அதற்குப் பதில் சொன்னது.

அதற்கு முன்பே அமெரிக்காவில் வேறொரு வழி தொடங்கியிருந்தது. அல்பிரட் போன்ஸ் என்ற பல் வைத்தியர், தமக்கு உதவியாக இருந்த ஐரின் நியூமன் என்ற பெண்ணுக்குப் பல் சுத்தம் செய்யும் வேலையை 1906 இல் பழக்கினார். 1913 இல் அதற்கென்று ஒரு பள்ளியும் வைத்தார். அப்படிப் படித்தவர்களைப் பற்சுகாதார நிபுணர் என்பார்கள். இந்தியாவிலும் 1948 ஆம் வருடப் பல் வைத்தியர் சட்டம் அவர்களைப் பதிவு செய்ய வழி செய்தது. அவர்களுடைய வேலை காறை எடுப்பது, பல் துலக்கப் பழக்குவது, நோய் வராமல் தடுப்பது. பல் பிடுங்குவதும் அடைப்பதும் பெரும்பாலும் அவர்கள் வேலை அல்ல.

நம் நாடு எடுத்தது நியூசிலாந்து வழியை. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்த நாட்டு உதவியோடு மஹரகமையில் பயிற்சிப் பள்ளி உண்டாயிற்று. மஹரகம என்றாலே நம்ம ஆட்களுக்குப் புற்றுநோய் ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். வாய்ப் புற்று வந்தவர்களை அங்கேதான் கொண்டு போகிறோம். அதே ஊரில்தான் பல்லைக் காப்பாற்றப் படிக்கிற இடமும் இருக்கிறது. நம்ம பிள்ளைகள் இந்த இரண்டாவது இடத்துக்காகவும் மஹரகம பஸ் ஏற வேண்டும். அதுதான் என் ஆசை.

அவருடைய கடமைகள்

முதலாவது கடமை பார்ப்பது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளின் வாயைப் பார்த்து, யாருக்குச் சொத்தை, யாருக்கு முரசு வீக்கம், யாருக்குப் பல் கோணல் என்று பதிய வேண்டும். வலி என்று வராத பிள்ளையையும் பார்ப்பதுதான் இதில் விசேஷம்.

இரண்டாவது சிகிச்சை. சின்னச் சொத்தையைத் துப்புரவாக்கி அடைப்பார். வைத்திருக்க முடியாத பாற்பல்லை விறைப்பூசி போட்டுப் பிடுங்குவார். காறையைச் சுரண்டி எடுப்பார். கடைவாய்ப் பல்லின் மேலே பள்ளம் பள்ளமாக இருக்குமே, அதில் சாப்பாடு தங்காமல் பூச்சு வைத்து மூடுவார். பல் உறுதிப்படப் புளோரைட் மருந்து பூசுவார்.

மூன்றாவது அனுப்புவது. தம் கைக்கு மிஞ்சிய விஷயம் என்றால் துண்டு எழுதிப் பல் டொக்டரிடம் அனுப்ப வேண்டும். தெரிந்த எல்லையில் நின்று, அதற்கு மேல் மற்றவரிடம் கொடுப்பதும் ஒரு தகுதிதான்.

நான்காவது படிப்பிப்பது. பிள்ளைக்கும் டீச்சருக்கும் தாய்க்கும் சொல்லிக் கொடுப்பது. மற்ற மூன்றையும்விட இதுதான் பெரிய வேலை. ஒரு பல்லை அடைத்தால் அந்தப் பல் மட்டும் தப்பும், ஒரு தாய்க்கு விளங்கினால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாருடைய பல்லும் தப்பும்.

இவற்றோடு கருவிகளைக் கிருமி நீக்கிச் சுத்தமாக வைத்திருப்பதும், பதிவேடு எழுதுவதும், மாதாந்த அறிக்கை அனுப்புவதும் உண்டு.

ஆறு வயதுப் பல்

இப்போது தாய்மார் நன்றாகக் கவனியுங்கள். பல்லு மிஸ் உங்களிடம் சொல்ல விரும்புகிற முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

பிள்ளைக்குப் பாற்பல் 20. மூன்று வயதுக்குள்ளே எல்லாம் வந்துவிடும். ஆறு வயது மட்டில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு பெரிய பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நான்கு. இந்தப் பல்லுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் இதையும் பாற்பல் என்றே நினைத்துவிடுகிறோம். சொத்தை விழுந்தால், “விழுற பல்லுதானே, போகட்டும்” என்று விட்டுவிடுகிறோம். அது விழுகிற பல் அல்ல. சாகிற வரைக்கும் சோறு மெல்ல வேண்டிய பல். போனால் திரும்ப முளைக்காது.

பாற்பல்லையும் அலட்சியம் பண்ணக் கூடாது. காலத்துக்கு முந்தி அது போனால், பக்கத்துப் பல் சரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வருகிற பல்லுக்கு இடம் இல்லாமல் கோணலாக வரும்.

சொத்தை எப்படி வருகிறது? பல்லில் ஒட்டியிருக்கிற கிருமிகள் சீனியைத் தின்று புளிப்பு ஒன்றை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு பல்லைக் கரைக்கிறது. ஒவ்வொரு தடவை சீனி வாய்க்குள் போகும்போதும் அரை மணித்தியாலம் மட்டில் இந்தக் கரைப்பு நடக்கும். ஆகவே எவ்வளவு சீனி என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். காலையில் ஒரு சீனித் தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று, இடையில் டொபி, பின்னேரம் பிஸ்கட், படுக்கப் போகும்போது போத்தலில் சீனிப் பால் என்றால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. போத்தலை வாயில் வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூங்க விடாதீர்கள்.

பல் துலக்குவது காலையிலும், ராத்திரிப் படுக்க முன்னும். இரண்டில் ராத்திரித் துலக்கல்தான் பெரியது. புளோரைட் உள்ள பற்பசை வேண்டும். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பட்டாணி அளவு, அதற்குச் சின்னதென்றால் அரிசியளவு போதும். ஏழெட்டு வயது வரைக்கும் தாய் தகப்பன் பக்கத்தில் நின்று துலக்கிவிட வேண்டும். செங்கல் தூளும் கரியும் போட்டுத் தேய்த்தால் பல் தேய்ந்துதான் போகும்.

போன தடவை ஒரு அக்கா கேட்டார், “காறை எடுத்தா பல்லு ஆடுமாமே ஐயா?” என்று. நல்ல கேள்வி. காறை முரசைத் தின்று, பல்லைப் பிடித்திருக்கிற எலும்பையும் தின்றுவிடுகிறது. பல் முன்பே ஆட்டம் கண்டிருக்கும், கல்லுப் போல இருக்கிற காறை அதை மறைத்துக்கொண்டிருக்கும். எடுத்தவுடன் ஆட்டம் தெரிகிறது. ஆக, தாமதம் செய்த குற்றத்தைச் சுத்தம் செய்தவர் தலையில் போடுகிறோம்.

வெற்றிலைப் பை

பிள்ளைகளின் கதை போதும், நம் கதைக்கு வருவோம். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு நாலும் நம் ஆட்களுக்கு வேலைக்களைப்புக்கு மருந்து, பசிக்கு மருந்து, பேச்சுக்குத் துணை. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முன்னால் நிற்பது வாய்ப் புற்று. புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்குப் போட்டால் பரவாயில்லை என்பதும் சரியில்லை. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறக்க முடியாமை. இவற்றில் ஒன்று கண்டாலும் போய்க் காட்டுங்கள். ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காததுதான் இதில் ஆபத்து.

1980களில் நம் நாட்டில் ஒரு வேலை செய்து பார்த்தார்கள். கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆயிரக்கணக்கானவர்களின் வாயைப் பார்க்க வைத்தார்கள். அந்த விபரம் 1984 இல் உலக சுகாதார தாபனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஊழியர்கள் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் “ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை. இதை வாசித்தபோது நம் லயங்கள்தான் என் கண்ணுக்கு வந்தன. துண்டு கிடைக்கிறது, அது சாமிப்படத்துக்குப் பின்னால் செருகப்படுகிறது, அங்கேயே பழுத்துப் போகிறது.

ஏன் போவதில்லை? எனக்குக் காரணம் தெரியும். ஒரு பேர் போகும். பஸ் காசு. ஆஸ்பத்திரியில் பாஷைப் பயம். “எங்க போயி யார்கிட்ட கேக்கிறது?” இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் புற்று நம் நியாயத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருக்காது.

ஆகவே ஒரு ஏற்பாடு சொல்கிறேன். பிள்ளைகளைப் பத்துப் பேராகச் சேர்ப்போம். ஒவ்வொரு தடவையும் இரண்டு தாய்மார் மட்டும் கூட்டிப் போகட்டும், அடுத்த தடவை வேறு இரண்டு பேர். பத்து வீட்டில் பத்துப் பேர் போகாமல் இரண்டு பேர்தான் போகும். அந்த இரண்டு பேரையும் ஈடு செய்வது பற்றித் தலைவர்மாரோடும் துரையோடும் பேச நான் தயார். பெரியவர்களுக்கு மாத்தளைப் பெரிய ஆஸ்பத்திரியில் பற்சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை. கர்ப்பிணித் தாய்மாரும் பல்லைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். கன்னமும் தாடைக்குக் கீழேயும் வீங்கி, காய்ச்சலும் வந்து, எச்சில் விழுங்க முடியாவிட்டால், விடியும் வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம். அது உயிருக்கு ஆபத்து. உடனே கொண்டு போங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு

இனி தங்கச்சிமார், தம்பிமார் கேளுங்கள். இந்த உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும்போது சுகாதார அமைச்சு வர்த்தமானியில் அறிவித்தல் போடும். தமிழ் வர்த்தமானியும் வரும். வயது, பாடம், சித்தி, யார் விண்ணப்பிக்கலாம், கொடுப்பனவு என்ன என்று அந்த அறிவித்தலில் இருக்கும். தடவைக்குத் தடவை மாறலாம், ஆகவே யாரோ சொன்னதை நம்பாமல் அதை வாசியுங்கள். அடிப்படை என்னவென்றால், ஓ.எல். பரீட்சையில் மொழி, கணிதம், விஞ்ஞானம் நன்றாக இருக்க வேண்டும், ஏ.எல். விஞ்ஞானப் பிரிவில் சித்தி வேண்டும். பிறகு மஹரகமையில் பயிற்சி. முடித்தால் நிரந்தர அரசாங்க உத்தியோகம், ஓய்வூதியத்தோடு.

நம் பிள்ளைகள் இதில் தடுக்கி விழுகிற இடம் இரண்டு. ஒன்று விஞ்ஞானப் பிரிவு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். விஞ்ஞானம் கிடைப்பது அருமை, பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் கலைப்பிரிவே போதும் என்று விடுகிறோம். கலைப்பிரிவு தாழ்ந்தது அல்ல. ஆனால் நேர்ஸ், மருந்தாளர், பற்சிகிச்சையாளர் முதலிய கதவுகளுக்குத் திறப்பு விஞ்ஞானம். ஒன்பதாம் ஆண்டிலேயே இதை யோசிக்க வேண்டும். ஏ.எல். முடிந்தபின் யோசித்துப் பிரயோசனமில்லை.

மற்றது கடுதாசி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். தகப்பன் பெயர் ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. இதனால் நேர்முகப் பரீட்சை வரைக்கும் போய்த் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு. இதைத் திருத்த மாதக் கணக்கில் ஆகும். வர்த்தமானி வந்த பிறகு ஓடாமல் இப்போதே வீட்டில் எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து போய்ப் பதிவாளரைப் பார்ப்போம்.

நம்மில் ஒரு பிள்ளை இந்த உத்தியோகத்துக்குப் போனால் ஒரு குடும்பம் முன்னேறும் என்பது மட்டுமல்ல. பிள்ளை “அம்மா, கொடுப்புப் பக்கம் குத்துது” என்று சொன்னால் அது தமிழிலேயே விளங்குகிற ஒருவர் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நிற்பார். வாய் திறக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு அது பாதி மருந்து.

வெளியே போகும்போது மேசையில் இருக்கிற கொப்பியில் பிள்ளையின் பெயர், வயது, லய இலக்கம் எழுதிவிட்டுப் போங்கள். ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளை முதல் பத்தில் போடுவோம். சாமிப்படத்துக்குப் பின்னால் துண்டு வைத்திருக்கிறவர்கள் அதையும் நாளைக்குப் பெரட்டுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். திகதி போயிருந்தாலும் பரவாயில்லை.