நீரின் வாயிலைக் கண்டவர்



நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. சிறுநீராய் வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சிய நீர் செல்லின் சவ்வைக் கடந்து உடலுக்குத் திரும்ப, தனி வாயில் ஒன்று இருத்தல் வேண்டுமெனப் பலர் ஐயுற்றனர், கண்டவர் இலர்.

பால்டிமோர் நகரில் இரத்தப் பிரிவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர் பீட்டர் ஆக்ரே, சிவப்பணுக்களில் தாம் தேடாத புரதம் ஒன்றைக் கண்டார். சிறுநீரகத்திலும் அது மிகுந்திருந்தது. அதனை உண்டாக்கும் ஆர்.என்.ஏ.வைத் தவளை முட்டையில் செலுத்தி, முட்டையை உப்புக் குறைந்த நீரில் இட்டனர். அது உப்பி வெடித்தது! 1992-இல் அச்செய்தி வெளியாயிற்று. நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் அவ்வாயிலில் வரிசையாய்ச் செல்கின்றன. அயனிகளுக்கு அங்கு இடமில்லை. அயனி வாயிலின் அமைப்பைக் கண்ட மெக்கின்னனுடன் 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பள்ளியில் இவர் வேதியியலில் பெற்ற தரம் 'டி'. இதைச் சொல்லி நம் பிள்ளைகளைத் தேற்றிவிட நாம் விரும்பவில்லை. இவர் தந்தையார் வேதியியல் பேராசிரியர். இடறிய மகனைத் தாங்க வீடு இருந்தது. நம் தெருப் பிள்ளை 35-க்குக் குறைந்தாலோ, 'உனக்கெதற்கு விஞ்ஞானம்?' என்று கேட்க ஊரே இருக்கிறது. ஆகவே, நம் சங்கத்தின் இரவு வகுப்புகளில் அறிவியலில் தவறிய மாணவர்க்கே முதலிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.