முகாமுக்கு வராதவர் கணக்கில் வருவாரா?

(திருவண்ணாமலையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு ரத்தப் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலித் விடுதலை பேசுற இடத்துல மருத்துவப் பாடம் எதுக்குன்னு சிலர் கேட்கலாம். யாரை எண்ணுவது, யாரை விட்டுவிடுவது என்பதும் அதிகாரம்தான். அதனால்தான் இங்கே பேசுகிறேன்.

நோயின் பெயர் மல்டிப்பிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகுவதால் வருவது. முதுகுவலி, ரத்தசோகை, எலும்பு முறிவு, சிறுநீரகப் பழுது என்று போகும். இதற்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாது. ரத்தத்தில் மட்டும் ஒரே வகைப் புரதம் கூடுதலாகக் காணப்படும். மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் கைல் 1978இல் இதற்கு எம்ஜியூஎஸ் என்று பெயர் வைத்தார். மைலோமா வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்குமே முன்பு இந்தக் கட்டம் இருந்திருக்கிறது என்று 2009இல் தெரியவந்தது. ஆனால் எம்ஜியூஎஸ் இருப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவருக்குத்தான் அது புற்றுநோயாகவோ அதைச் சார்ந்த நோயாகவோ மாறுகிறது.

சரி, எத்தனை பேருக்கு இது இருக்கு? அமெரிக்காவின் ஓம்ஸ்டட் கவுண்டியில் 50 வயது கடந்த 21,463 பேரைச் சோதித்து, 3.2 விழுக்காடு என்று 2006இல் சொன்னார்கள். அந்த வயதில் அங்கே இருந்தவர்களில் முக்கால் பங்குக்கு மேல் சோதித்தது பெரிய வேலைதான். ஆனா அந்த ஊர்ல 97 விழுக்காடு வெள்ளையர். அதே 2006இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தபோது, கறுப்பின மக்களிடம் இது மூன்று மடங்கு என்று வந்தது. அப்போ பாடப்புத்தகத்துல இருக்கற 3 விழுக்காடு யாரோட 3 விழுக்காடு?

ஐஸ்லாந்தில் 2016இல் நாட்டையே அழைத்தார்கள். 1975இலும் அதற்கு முன்பும் பிறந்த 1,48,704 பேருக்கு அழைப்பு. ஒப்புக்கொண்டவர்கள் 80,759 பேர், அதாவது 54 விழுக்காடு. ஆளாளுக்கு அடையாள எண் உள்ள சின்ன நாட்டிலேயே பாதிப் பேர்தான். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குத் தாமாக முன்வருகிறவர்கள் பொதுவாக மற்றவர்களைவிட ஆரோக்கியமானவர்கள், வசதி உள்ளவர்கள். வந்தவர்களை வைத்து வராதவர்களுக்கும் கணக்குச் சொன்னால் கணக்கு ஒரு பக்கம் சாயும். இதைத் தேர்வுச் சாய்வு என்கிறார்கள்.

இதை நம்ம ஊருக்குக் கொண்டு வருவோம். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் ரத்தம் கிடைக்கும். ஆனால் 14 கிலோமீட்டர் நடக்க முடிந்தவர்களின் ரத்தம் அது. எலும்பு அரித்துப் படுத்துக்கிடக்கிறவர் அங்கே வரமாட்டார்.

இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. ஏறக்குறைய 80 ஆண்டுகள் மறுக்கப்பட்ட பிறகு, போலீஸ் பாதுகாப்போடு. இப்படிப்பட்ட ஊரில் கோயில் மண்டபத்தில் முகாம் போட்டால் காலனி சனம் எப்படி வரும்? வரலைன்னா என்ன எழுதுவாங்க? 'காலனியில் நோய் காணப்படவில்லை' என்று எழுதுவார்கள். பார்க்காததும் காணாததும் ஒன்றா?

பெரிய மருத்துவமனைப் பதிவேட்டை எடுத்தாலும் சாய்வுதான். வேலூருக்கோ சென்னைக்கோ போக பஸ் கூலி வேண்டும், நாள் கூலியை விட வேண்டும். நாத்து நட்டுக் களை எடுக்கிற பெண் முதுகு வலிக்குதுன்னு சொன்னா, 'வேலை செய்யற முதுகு வலிக்கத்தான் செய்யும்' என்று ஊசி போட்டு அனுப்புகிறார்கள். அந்த வலி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இன்னொரு செய்தி. அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிக்கும் 678 ஆண்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். ஓம்ஸ்டட் ஆண்களைவிட அவர்களிடம் எம்ஜியூஎஸ் 1.9 மடங்கு. தொடர்பு காணப்பட்ட மருந்துகளில் ஒன்று குளோரோதலோனில். நம்ம பக்கம் மல்லாட்டை இலைப்புள்ளி நோய்க்குப் பரிந்துரைக்கப்படும் மருந்து அது. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஆனால் கேள்வி கேட்கப் போதுமான காரணம்.

அங்கே ஆராயப்பட்டவர்கள் லைசென்ஸ் பெற்றவர்கள், பெயர்ப்பட்டியல் இருக்கிறது. இங்கே மருந்துக்கடை பில்லில் நிலக்காரர் பெயர் இருக்கும். முதுகில் டேங்க் மாட்டி, முகத்தில் துண்டு கட்டி அடிக்கிற கூலிக்காரர் பெயர் எங்கேயும் இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி இந்த மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் தாழ்த்தப்பட்டோர். அவர்களில் பெரும்பகுதி கூலி வேலையில்தான். பட்டியலே இல்லாதவரை எந்த ஆய்வு தேடிப் போகும்?

நம்ம கிராமங்களில் சரியாகச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் செய்தார்கள். 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 30 முதல் 59 வயதுப் பெண்களை ஆராய்ந்தார்கள். பரிசோதனை நடந்த பக்கம் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் வெளிவந்தது. அதே சமயம், மறுபக்கத்துப் பெண்களுக்குப் பரிசோதனை தராமல் ஒப்பீட்டுக்கு வைத்தது நியாயமா என்ற கேள்வியும் எழுந்தது. ஆக, எண்ணப்படுவது மட்டும் போதாது. எதற்காக எண்ணுகிறார்கள், எண்ணிய பிறகு என்ன தருகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அதனால் எல்லார் ரத்தத்தையும் எடுத்துச் சோதி என்பது நம் கோரிக்கை இல்லை. எம்ஜியூஎஸ்ஸை முன்கூட்டிக் கண்டால் ஆயுள் கூடுமா என்பதைத்தான் ஐஸ்லாந்து ஆய்வே சோதிக்கிறது. முன்னாலேயே கண்டுபிடித்தால், கண்ட நாளிலிருந்து எண்ணும்போது கூடுதல் நாள் வாழ்ந்ததுபோலத் தெரியும். சாகிற நாள் மாறாமலே இருக்கலாம். அநேகம் பேருக்குக் கடைசிவரை வராத நோயைச் சொல்லிப் பயமுறுத்துவதில் பயனில்லை.

நம் கோரிக்கை இதுதான். ஆய்வு நடத்தினால் காலனியிலும் நடத்து. கூலி முடிந்து வரும் நேரத்தில் நடத்து. தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று ஒரே சொல்லாக எழுதாதே, நிலக்காரர் வேறு, மருந்து அடிக்கிற கூலி வேறு. எத்தனை பேர் வரவில்லை, எந்தத் தெருவில் வரவில்லை என்பதையும் வெளியிடு. வீடு தேடிப் போக முடியும் என்பதை 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமே காட்டியிருக்கிறது. நோய் தெரிந்தால் நடக்கிற தூரத்தில் வைத்தியம் வை.

மாணவர்களுக்கு ஒன்று. நாளைக்கு நீங்களும் சர்வே எடுக்கப் போவீங்க. எந்த விழுக்காட்டைப் பார்த்தாலும் முதலில் 'இதில் யார் இல்லை?' என்று கேளுங்கள். உங்க சர்வேயிலும் அதைக் கேளுங்கள்.

ஜெய் பீம்.