கருவியறிந்து காரியம்



திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி வருவோர்க்குப் பாறசாலை கேரளத்தின் கடைவாயில். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. அத்தாலுக்காவின் எல்லைக் கிராமங்களில் வீட்டுப் பேச்சு தமிழாகவும், நிலப்பத்திரம் மலையாளமாகவும் இருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அத்தகைய குடும்பத்திற் பிறந்து, மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன் நான். ஊரில் நேர்ந்த சிறு நிகழ்ச்சியொன்றைக் கூறி இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது அண்டை வீட்டுப் பெரியவர் இரண்டு தாள்களுடன் என்னைத் தேடி வந்தார். அவர் தமிழ்ப் பள்ளியிற் படித்தவர். மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டி வாசிக்க அறியார். மகனுக்கு எழுதிக்கொடுத்த பத்து சென்ட் நிலத்தைப் பற்றி வில்லேஜ் ஆபீசிலிருந்து வந்த மலையாளக் கடிதம் ஒரு தாள். மற்றொன்று அதன் தமிழாக்கம். சூரத்தில் வேலை பார்க்கும் மகன் கடிதத்தின் படத்தை, உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் கொடுத்துப் பெற்று அனுப்பியது.

“மக்களே, நம்ம நிலத்துல பஸ்ஸு விடப்போறாவளா?” என்று கேட்டார் பெரியவர்.

மூலத்தில் இருந்த சொல் ‘போக்குவரவு’. கேரள வருவாய்த் துறையின் வழக்கில் அதற்கு நிலத்தின் பதிவை ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவர் பெயருக்கு மாற்றுதல் என்று பொருள்; தமிழ்நாட்டில் நாம் பட்டா மாற்றம் என்போம். கருவி அதைப் ‘போக்குவரத்து’ ஆக்கிவிட்டது. இதுவாவது சிரித்து மறக்கத்தக்க பிழை. அடுத்த வரியில் இருந்தது சிரிக்கத்தக்கதன்று. ‘ஆதாரத்தின்’ நகலைச் சேர்க்குமாறு கடிதம் கேட்டிருந்தது. மலையாளத்தில் ஆதாரம் என்பது கிரயப் பத்திரம், தானப் பத்திரம் முதலிய சொத்துப் பத்திரத்தைக் குறிக்கும். தமிழாக்கத்திலோ அது ஆதார் அட்டையாகிவிட்டது. மகனும் அட்டையின் நகலை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டான். தவணைக்கு நான்கு நாட்களே எஞ்சியிருந்தன. மறுநாள் காலை பெரியவரும் நானும் பத்திரத்தின் நகலுடன் ஆபீசுக்குச் சென்றோம். காரியம் கெடாமல் தப்பியது.

இப்பிழை ஏன் நேர்கிறது? உரையாடும் கருவி ஏராளமான எழுத்துக்களைப் பயின்று, ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வரத்தக்கது என்று கணித்து எழுதுகிறது. ஆகவே பொருள் தவறினாலும் அதன் நடை தவறுவதில்லை. மொழி அரைகுறையாக அறிந்த மனிதன் மொழிபெயர்த்தால் தடுமாறுவான். அத்தடுமாற்றமே நம்மை எச்சரித்துவிடும். கருவியின் சரளமான நடையில் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவினவாதலால் இடர் இன்னும் மிகுதி. நமக்கு அவசரம் என்றால் விரைவு, அவர்களுக்கு வாய்ப்பு. நமக்குச் சம்சாரம் இல்லத்தரசி, அவர்களுக்குப் பேச்சு. இந்தியையும் சேர்த்துக்கொண்டால் வேடிக்கை பெருகும். இந்தியில் கல்வியைக் குறிக்கும் ‘சிக்ஷா’ மலையாளத்தில் தண்டனை!

அப்படியாயின் இக்கருவிகளை ஒதுக்கிவிடலாமா? ஒதுக்குவது அறிவுடைமையாகாது. திருவள்ளுவர் ‘தெரிந்துவினையாடல்’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். செயலுக்கு உரியவனை ஆராய்ந்து தெளிந்து அவனிடம் அச்செயலை விடவேண்டும் என்பது அதன் கருத்து. ஆளுக்குச் சொன்னது கருவிக்கும் பொருந்தும். எங்கள் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுவதற்கென்றே ஒரு கத்தி உண்டு. பட்டையை மெல்லிதாகச் சீவி, உள்ளிருக்கும் மரத்தைத் தொடாமல் நிற்பதற்காகவே அது வளைத்துச் செய்யப்பட்டது. தேங்காய் வெட்டும் அரிவாளும் கூரியதுதான். எனினும் அதைக்கொண்டு எவரும் பால் வெட்டார்.

நம் நாட்டில் இத்தகைய தனிக் கருவிகள் இன்று பல. மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிவைத்த ‘பாஷிணி’ இந்திய மொழிகளுக்கிடையே பேச்சையும் எழுத்தையும் பெயர்க்கும் பொருட்டு அமைந்தது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ‘ஏஐ4பாரத்’ குழுவினர் அட்டவணை மொழிகள் இருபத்திரண்டுக்கும் உரிய மொழிபெயர்ப்புக் கருவியை 2023இல் வெளியிட்டனர். சூரத்திலோ புனேயிலோ அறிவிப்புப் பலகையை வாசிக்கவும், வீட்டுச் சொந்தக்காரரிடம் நாலு வார்த்தை பேசவும் இவை போதும். தவறு நேர்ந்தாலும் எதிரில் நிற்பவர் திருத்திவிடுவார்.

அலுவலக மொழிபெயர்ப்பின் தேவை வேறு. அங்கே ஒரு துறைச்சொல்லுக்கு இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக எழுதலாகாது. மத்திய அரசின் ஆட்சிமொழித் துறைக்காக சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘கண்டஸ்த்’ என்னும் கருவி, மனப்பாடம் என்னும் தன் பெயருக்கேற்ப, முன்பு மொழிபெயர்க்கப்பட்ட வாக்கியங்களை நினைவில் வைத்திருந்து மீண்டும் எடுத்துத் தருகிறது. இது இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் உரியது. கதை எழுதாது. தனக்கு விதித்த ஒன்றைச் செய்வதே அதன் பெருமை.

நீதிமன்றங்களில் எச்சரிக்கை இன்னும் மிகுதி. கேரள உயர்நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கென ஒரு கொள்கை வகுத்தது. அங்கீகரித்த கருவிகளையே பயன்படுத்த வேண்டும். கருவி செய்த மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும். தீர்ப்புக்கு அதனை நாடலாகாது என்பன அதன் சாரம். பத்து சென்ட் நிலமுடைய நமக்கும் இதுவே நல்ல விதி.

இரகசியமும் கருதத்தக்கது. அவ்வாண்டு ஜனவரியில் மத்திய நிதியமைச்சகம், சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணினிகளிலும் சாதனங்களிலும் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு தன் ஊழியருக்கு அறிவுறுத்தியது. கோப்புகளில் உள்ளவை வெளியே போய்விடலாகாது என்பதே காரணம். சர்வே எண்ணும் ஆதார் எண்ணும் நிறைந்த குடும்பப் பத்திரத்தை முன்பின் அறியாத கருவியிடம் ஒப்படைக்கும்போது நாமும் அதே கவலை கொள்ளவேண்டும்.

ஆகவே எக்கருவியைத் தொடுமுன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வேலை யாது? பிழைத்தால் இழப்பு எவ்வளவு? பிழையைக் கண்டுபிடிக்க வல்லவர் யார்? இழப்புச் சிறிதெனின் கையில் உள்ள கருவியே போதும். பத்து சென்ட் எத்தனை ஆர் என்று அறியவேண்டுமாயின் உரையாடும் கருவி எதற்கு? கணக்குப்பொறி போதும், ஏறக்குறைய 4.05 ஆர் என்று அது பிழையின்றிச் சொல்லும். இழப்புப் பெரிதெனின், கருவியின் வேலையைக் கைப்படி என்று மட்டும் கொண்டு, மொழியறிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அன்று பெரியவருக்கு வழிசொல்ல இரு மொழியும் வாசிக்கத் தெரிந்த ஒருவன் தற்செயலாக ஊரில் இருந்தான். பெரியவர் சந்தேகம் கொண்டதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் அந்த நிலத்தை அறிவார். அதில் பஸ் ஓடாதென்பதை அறிவார். சூரத்தில் வளரும் அவருடைய பேரனுக்கு மலையாள எழுத்தும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது, நிலமும் தெரியாது. நாளை அவனிடம் எவ்வளவு சிறந்த கருவி இருப்பினும், அது சொன்னது சரியா என்று அவன் எதைக்கொண்டு அறிவான்?

வெளி மாநிலங்களில் வாழும் அன்பர்களே! பிள்ளைகளுக்கு நல்ல கைப்பேசி வாங்கித் தருகிறீர்கள், மகிழ்ச்சி. அத்துடன் நாள்தோறும் கால்மணி நேரம் தமிழ் எழுத்தை வாசிக்கப் பழக்குங்கள். குடியிருக்கும் மாநிலத்தின் எழுத்தையும் கற்பியுங்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது வீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். கருவியைத் தேர்ந்தெடுக்கும் தகுதி அதன் பிழையைக் காணவல்லவனுக்கே உண்டு.